மக்ரூனும் பற்பசையும்

தூத்துக்குடி மக்ரூன் நாவில் கரைந்துவிடும். ஆனால் முந்திரித் துணுக்கோடு சர்க்கரை பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும். அதை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியா அமிலமாக்க, எனாமல் கரைகிறது. பற்பசையிலுள்ள ஃப்ளூரைடு, கரைந்துபோன கால்சியமும் பாஸ்பேட்டும் மறுபடி எனாமலில் படிய உதவுகிறது. கிருமி அமிலம் உண்டாக்குவதையும் மட்டுப்படுத்துகிறது. குழி விழுந்துவிட்டால் அதை அடைக்க இதனால் ஆகாது.

தூத்துக்குடி மாவட்டத்திலேயே ஓட்டப்பிடாரம் வட்டாரத்துச் சில ஊர்களில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழலாம். அது சொத்தையல்ல, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அங்குள்ளவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கட்டாயம் பரிசோதியுங்கள்.

ஆகவே பற்பசையிலும் அளவு வேண்டும்: மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயதுவரை பட்டாணி அளவு. பிள்ளைகள் விழுங்காமல் துப்ப வேண்டும். பெரியவர்களே, துப்பியதும் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். ஃப்ளூரைடு சற்று நேரம் பல்லில் இருக்கட்டும்.