திருப்பி அடிக்கும் உரிமை



நினைவுச் சொற்பொழிவில் துப்பாக்கியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். ஆவடியில் இருந்துகொண்டு துப்பாக்கிக்குத் தயங்கலாமா? இங்கே டாங்கி செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. சிறப்புக் காவல் படை, மத்திய ரிசர்வ் போலீஸ், 2022 ஜனவரி முதல் தனிக் காவல் ஆணையரகம், எல்லாம் இருக்கிறது. இதே வட்டாரத்தில், பூந்தமல்லி சாலையோரம் இரவில் நிற்கும் திருநங்கையின் கைப்பையில் இருப்பது மிளகாய்ப்பொடிப் பொட்டலம்.

அமெரிக்காவில் 2000இல் 'பிங்க் பிஸ்டல்ஸ்' என்று ஓர் அமைப்பு தொடங்கியது. பால்புதுமையர் சட்டப்படி துப்பாக்கி வாங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும், அப்போதுதான் அடிக்க வருகிறவன் யோசிப்பான் என்பது அவர்கள் வாதம். 2016 ஜூனில் ஆர்லாண்டோ விடுதியில் 49 பேர் கொல்லப்பட்ட பிறகு அந்தக் குரல் இன்னும் பலமாகக் கேட்டது. ஆனால் அந்த 49 பேரைக் கொன்றவனும் துப்பாக்கியைச் சட்டப்படி வாங்கியவன்தான். கடை திறந்திருந்தால் முதலில் யார் வாங்குவார்கள் என்பது வெண்மணியைத் தெரிந்த நமக்குப் புதிதல்ல. 44 பேர் எரிந்த அந்த இரவில் துப்பாக்கி நம் பக்கம் இல்லை.

அதற்காக அந்த வாதத்தைச் சிரித்துத் தள்ளவும் எனக்கு மனமில்லை. நம் சட்டத்திலேயே அது இருக்கிறது. 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் மூன்றாம் விதியைப் படியுங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அரசு அடையாளம் கண்ட இடத்தில், தேவைப்பட்டால் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்யலாம். தேவைப்பட்டால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கலாம். இப்படி உரிமம் வாங்கிய ஒருவரையும் என் களப்பணியில் நான் சந்தித்ததில்லை. எனக்கு முதல் பாதிதான் முக்கியம். அவன் கையில் இருப்பதைப் பிடுங்கு, பிறகு எனக்குத் தருவதைப் பற்றிப் பேசலாம்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், சொத்து போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது, பிரிவு 14. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உரிமத்துக்குக் காவல் நிலைய அறிக்கை வேண்டும். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவருக்கு நிலையான முகவரி ஏது? அறிக்கை எழுதப்போகிற நிலையமே அவர் மேல் நாலு பெட்டி கேஸ் போட்டிருக்கும். அரசு ஆயுதம் தாங்கும் வேலைக்குத் திருநங்கை தகுதியானவரா என்பதற்கே பிரித்திகா யாஷினி உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2015இல் தீர்ப்பு வந்து 2017இல்தான் உதவி ஆய்வாளர் ஆனார்.

ஆகவே துப்பாக்கியைத் தள்ளிவைத்துவிட்டு அதற்கு அடியில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். வெறுங்கையால் திருப்பி அடித்தால் சட்டம் யார் பக்கம்?

தற்காப்புரிமை எல்லோருக்கும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. ஆனால் காவல்துறையை நாட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது என்று ஒரு வரி இருக்கிறது. காவல்துறையைக் கண்டாலே ஓட வேண்டியவருக்கு அந்த 'நேரம்' எப்போது கிடைக்கும்? தற்காப்புக்காகத்தான் அடித்தேன் என்று நிரூபிக்கும் சுமையும் அடித்தவர் தலையில்.

இன்னொன்று கேளுங்கள், சட்ட மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த இந்த நியாய சன்ஹிதாவில் பழைய 377ஆம் பிரிவு முழுக்க இல்லை. ஒப்புதலோடு நடப்பது குற்றமல்ல என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை ஏற்றுக்கொள்வதாக இருந்தால், ஒப்புதலில்லாத வன்முறைக்காவது அதை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. பாலியல் வல்லுறவுப் பிரிவு பெண்ணுக்கு ஆண் செய்வதை மட்டுமே பேசுகிறது. ஆனால் தற்காப்புக்காகக் கொல்லவும் அனுமதிக்கும் 38ஆம் பிரிவில் 'இயற்கைக்கு மாறான இச்சை'க்கான தாக்குதல் அப்படியே இருக்கிறது. அதாவது, ஒரு திருநம்பியையோ ஆணையோ அப்படித் தாக்க வருகிறவனை அவர் கொன்றாலும் சட்டம் மன்னிக்கலாம். அவர் உயிரோடு தப்பி வந்து புகார் கொடுத்தால் அதற்கென்று ஒரு பிரிவு இல்லை. திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. பெண்ணுக்கு நடந்தால் குறைந்தபட்சமே பத்தாண்டு. உடம்புக்கு உடம்பு விலை வேறு என்று எழுதியவர்கள் மனுவைப் படிக்காமலா எழுதியிருப்பார்கள்?

நமக்குப் பழக்கமான எதிர் வழக்கு இங்கேயும் வரும். சேரிப் பையன் திருப்பி அடித்தால் இரண்டு தரப்பு மேலும் எஃப்.ஐ.ஆர்., பிறகு 'சமாதானமாகப் போங்கள்'. திருநங்கை திருப்பி அடித்தால் பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். ஒரு தரப்பு மேல்தான். அவர் தலித்தாகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். ஆனால் சாதிச் சான்றிதழ் பழைய பெயரில், அப்பா வீட்டு பீரோவில் கிடக்கிறது.

பால்புதுமையரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலேயே 24-சி சேர்க்கப்பட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் விசாரித்த வழக்கின் பலன் அது. அந்த விதி எண்ணைச் சொல்லிக் கேட்க, இரவு ஒரு மணிக்கு நிலையத்தில் ஆள் வேண்டும். அரசு மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் 'கீழே விழுந்தார்' என்று எழுதாமல் 'அடித்தார்கள்' என்று எழுதவைக்க ஆள் வேண்டும். புகாருக்குச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகரக் கூடாது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுக்கும் சேர்த்து, ராத்திரி போன் எடுக்கும் பத்துப் பேர் போதும். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். போகும்போது பெயரை எழுதுங்கள், எந்தக் கிழமை வர முடியும் என்பதையும் சேர்த்து.