கனவில் விழித்துக்கொள்ளப் பழகுபவர்கள் ஏன் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்?

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்று சொல்லாத தமிழ் வீடு அபூர்வம். போர்ட் கிள்ளானிலும் அப்படித்தான், பிரிக்பீல்ட்ஸிலும் அப்படித்தான். பலிக்கிறதோ இல்லையோ, விடியற்காலைக் கனவுக்கு மட்டும் இந்த மரியாதை ஏன் கிடைத்தது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கனவு மிகுதியாக வரும் தூக்கத்தில் மூடிய கண்ணுக்குள் விழி வேகமாக அசையும். அந்த நிலை ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறது. முதல் சுற்றில் அது சில நிமிடம்தான். விடியும் நேரத்தில் அரைமணி வரைகூட நீளும். நீளமான கனவு, உடனே விழிப்பு, ஆகவே அது நினைவில் நிற்கிறது.

இன்றைய பேச்சின் பொருள் அந்த விடியற்காலைக் கனவுக்குள் நடக்கும் ஒரு விந்தை. கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே, 'இது கனவு' என்று கனவு காண்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. உடல் தூங்குகிறது, அறிவு விழித்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'லூசிட் டிரீம்' என்கிறார்கள். இங்கே விழிப்புக் கனவு என்று சொல்லிக்கொள்ளலாம். இது எங்கோ இருக்கும் சித்தர்களுக்கு மட்டும் உரியதன்று. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2016இல் வெளியான கணக்கின்படி, ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் 23 விழுக்காடு.

தானாக வந்தது சரி, வரவழைக்க முடியுமா? இணையத்தில் படித்துவிட்டும் காணொளி பார்த்துவிட்டும் இதைப் பழகத் தொடங்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். முதல் வாரம் ஆர்வம், இரண்டாம் வாரம் எரிச்சல், மூன்றாம் வாரம் "எல்லாம் ஏமாற்று" என்று கைவிட்டுவிடுகிறார்கள். ஏமாற்று அன்று. 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹேர்ன் என்ற ஆய்வாளர், தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் முன்பே பேசி வைத்தபடி கண்ணை இடமும் வலமும் அசைத்துக் கனவுக்குள்ளிருந்து சைகை காட்டியதைக் கருவியில் பதிவு செய்தார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லாபெர்ஜ் 1980 வாக்கில் தனியாகவே அதை மெய்ப்பித்தார். 2021இல் வெளியான ஆய்வில், தூங்குபவரிடம் 'எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை?' என்று கேட்டிருக்கிறார்கள். அவர் கண்ணசைவாலேயே இரண்டு என்று பதில் தந்தார்.

ஆக, உண்மை இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், பழகுபவர் கொண்டுவரும் எதிர்பார்ப்பில். கனவைக் கட்டளையிட்டு ஆளலாம், பறக்கலாம், நினைத்ததைக் கேட்டு வாங்கலாம் என்ற ஆசையோடுதான் பெரும்பாலோர் படுக்கைக்குப் போகிறார்கள். இந்த ஆசையை உலகம் முழுவதும் பரப்பிய கதை மலேசியாவிலிருந்து கிளம்பியது என்பது இங்குள்ள பலருக்கே புதிய செய்தியாக இருக்கும்.

1934இல் கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் மலாயாவுக்கு வந்தார். தைப்பிங்கில் பேராக் அரும்பொருளகத்தில் பணியாற்றிய பாட் நூன் என்ற ஆங்கிலேய மானிடவியலாளரோடு சேர்ந்து, மலைக்காட்டில் வாழும் தெமியார் பூர்வகுடியினரைப் பார்க்கப் போனார். (நூனின் கதை தனியாக ஒரு நாள் பேச வேண்டியது. தெமியார் பெண்ணையே மணந்துகொண்ட அவர், ஜப்பானியர் ஆட்சியில் 1943இல் காட்டுக்குள் காணாமற்போனார்.) ஸ்டூவர்ட் பிற்பாடு 1951இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். செனோய் மக்கள் தினமும் காலையில் குடும்பமாக உட்கார்ந்து கனவை அலசுகிறார்கள். கனவில் புலி துரத்தினால் ஓடாமல் திரும்பி நின்று எதிர்க்கக் குழந்தைக்குச் சொல்லித் தருகிறார்கள். விழுந்தால் பறக்கச் சொல்கிறார்கள். அதனாலேயே அவர்களிடம் வன்முறையே இல்லை என்று எழுதினார். 1960களின் அமெரிக்க இளைஞர் உலகத்துக்கு இது தேனாக இனித்தது. பாட்ரிஷியா கார்ஃபீல்ட் என்பவர் 1972இல் கோலாலம்பூருக்கு அருகே கோம்பாக்கிலுள்ள பூர்வகுடியினர் மருத்துவமனைக்கே வந்து சிலரிடம் பேசிவிட்டுப் போனார். 1974இல் அவர் எழுதிய புத்தகம் பெருவாரியாக விற்றது. எதிர்த்து நில், வெற்றி கொள், பரிசு வாங்கிக்கொள் என்பதுதான் சாரம்.

ஆனால் 1960களில் செமாய் மக்களோடு வாழ்ந்த ராபர்ட் டென்டனும், தெமியார் மக்களோடு வாழ்ந்த ஜெஃப்ரி பெஞ்சமினும் அப்படி ஒரு காலைக் கனவுப் பள்ளியைக் கண்ணால் பார்க்கவில்லை. வில்லியம் டோம்ஹோஃப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1985இல் இவற்றையெல்லாம் திரட்டி, ஸ்டூவர்ட்டின் 'செனோய் முறை' செனோய் மக்களுடையது அன்று, ஸ்டூவர்ட்டுடையதே என்று ஒரு நூலே எழுதிவிட்டார்.

அப்படியானால் தெமியார் மக்களுக்குக் கனவு முக்கியமில்லையா? மிக முக்கியம். மாரினா ரோஸ்மன் என்ற இசை ஆய்வாளர் அவர்களோடு தங்கி எழுதிய நூல் 1991இல் வந்தது. மரத்தின் ஆவியோ, மலையின் ஆவியோ, ஆற்றின் ஆவியோ கனவில் வந்து ஒரு பாட்டைக் கொடுக்கும். கண்டவர் அதை ஊரார் நடுவே பாடுவார். பெண்கள் மூங்கில் குழாய்களைக் கட்டையில் தட்டித் தாளமிட்டு, ஒவ்வோர் அடியையும் திருப்பிப் பாடுவார்கள். நோயாளிக்கு அதுதான் மருந்து. இங்கே கனவு காண்பவர் யாரையும் அடக்கவில்லை, யாரிடமும் பிடுங்கவில்லை. வந்ததைக் கவனமாகக் கேட்டு, மறக்காமல் காலைவரை கொண்டுவந்து சேர்க்கிறார். போர்ட் கிள்ளானுக்குத் தெற்கே கேரித் தீவில் மரச்சிற்பமும் முகமூடியும் செதுக்கும் மா மெரி மக்களும் செனோய் பிரிவினரே. அந்தத் தீவின் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கு அவர்கள் அண்டை வீட்டார். இவ்வளவு பக்கத்திலிருந்தும் அமெரிக்கா வழியாகச் சுற்றிவந்த கதையைத்தான் இங்குள்ள இளைஞர்கள் படிக்கிறார்கள்.

இதில் பழகுபவருக்கு ஒரு சேதி உண்டு. கேட்பதும் நினைவில் கொள்வதும் முதலில். ஆள்வது எல்லாம் பிறகு, அதுவும் வாய்த்தால். இரவெல்லாம் கண்ட கனவில் ஒன்றுகூட நினைவில்லாதவருக்கு விழிப்புக் கனவே வந்திருந்தாலும் அது கணக்கில் சேராது. எனவே முதல் தடை நினைவு. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். விழித்தவுடன் புரளாமல், எழாமல், அதே கிடையில் கிடந்து 'இப்போது எங்கே இருந்தேன்?' என்று மனத்துக்குள் பின்னோக்கிப் போக வேண்டும். கைப்பேசியை எடுத்துச் செய்தி பார்த்தால் அவ்வளவுதான், கனவு ஆவியாகிவிடும். முழுக்கதை வராவிட்டால் ஒரு நிறம், ஒரு முகம், ஒரு பயம் இதையாவது எழுதலாம். கெட்ட கனவை வெளியில் சொல்லாதே என்று வீட்டுப் பெரியவர்கள் தடுப்பார்கள். நோட்டில் எழுதுவதற்குத் தடையில்லை. இரண்டு மூன்று வாரம் எழுதியவருக்கு இரவுக்கு ஒன்று, இரண்டு என்று கனவு தங்க ஆரம்பிக்கும். பலர் கைவிடுவது இந்த வாரங்களில்தான், ஏனென்றால் இதில் பறத்தலும் இல்லை, புலியும் இல்லை.

எழுதியதைத் திருப்பிப் படித்தால் இன்னொன்று புலப்படும். ஒவ்வொருவர் கனவிலும் சில காட்சிகள் விடாமல் வரும். பள்ளித் தேர்வுக்குத் தாமதமாவது, பல் விழுவது, இறந்துபோனவர் சாதாரணமாக வந்து சோறு கேட்பது. கூட்டரசு நெடுஞ்சாலையில் பல ஆண்டு லோரி ஓட்டியவர், பத்து தீகா டோல் சாவடியில் சில்லறை தேடுவதாகக் கனவு காணலாம். அந்தச் சாவடியில் கட்டணம் 2018 சனவரி முதல் தேதியே நின்றுபோனது. கனவிலோ இன்னமும் வரிசையில் நிற்கிறார், சந்தேகமே வரவில்லை! 'இனி அந்தச் சாவடியைக் கண்டால் அது கனவு' என்று அவர் மனத்தில் முடிந்துவைத்தால், அதுவே அவருடைய கதவு. பகலில் பத்துத் தடவை கையைப் பார்ப்பது, மூக்கைப் பிடித்து மூச்சு வருகிறதா என்று சோதிப்பது என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள். இயந்திரம்போல் செய்தால் கனவிலும் இயந்திரம்போல் செய்துவிட்டு, 'சரி, விழித்துத்தான் இருக்கிறேன்' என்று போய்விடுவார்கள். உண்மையிலேயே ஐயப்பட்டுக் கேட்டால்தான் பயன்.

முறைகளில் ஆய்வு ஆதரவு அதிகம் உள்ளது லாபெர்ஜ் வகுத்ததுதான். ஐந்து மணி நேரம் தூங்கியபின் எழுந்து, சற்றுமுன் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, 'அடுத்த முறை கனவு காணும்போது, கனவு என்பதை நினைவில் வைத்திருப்பேன்' என்று பொருளுணர்ந்து சொல்லிக்கொண்டே மீண்டும் தூங்குவது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனையோடு இதையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் 17 விழுக்காடு வெற்றி. சொல்லி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் தூங்கியவர்களுக்கோ ஏறத்தாழ 46 விழுக்காடு. எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். 17 விழுக்காடு என்றால் ஆறு இரவில் ஒன்று. ஐந்து இரவு வெறுங்கையோடு எழுவது தோல்வி அன்று, அதுதான் சராசரி. விரைவில் தூங்கியவருக்கே அதிகம் கிட்டியது என்பது அதைவிடப் பெரிய செய்தி. முறுக்கிக்கொண்டு முயல்பவர் தூக்கத்தையும் இழக்கிறார், கனவையும் இழக்கிறார்.

போர்ட் கிள்ளானில் இது விளையாட்டான விஷயமில்லை. துறைமுகத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், கிரேன் ஏறுபவர், விடியற்காலையில் கண்டெய்னர் லோரி எடுப்பவர் ஏற்கனவே தூக்கக் கடனில் இருக்கிறார். அவர் அலாரம் வைத்து நடு இரவில் எழுந்து பயிற்சி செய்தால், மறுநாள் ஸ்டீயரிங்கில் கண் சொருகும். நாற்பது டன் வண்டியில் அது ஒரு விநாடி போதும். அப்படிப்பட்டவர்கள் விடுமுறைக்கு முந்தின இரவில் மட்டும் இதைச் செய்யலாம், அல்லது தானாக விழிப்பு வரும்போது மட்டும். வேலை நாளில் நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தூக்கமின்மைக்கு மருந்து சாப்பிடுபவர்களும், இல்லாத குரல் கேட்பது போன்ற மனநோய் அறிகுறி உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது. எது கனவு, எது நனவு என்ற கோடு அவர்களுக்கு ஏற்கனவே மெலிந்திருக்கிறது.

சரி, ஒரு நாள் கிட்டிவிட்டது. என்ன நடக்கும்? "ஆகா, கனவு!" என்று துள்ளுவார், அந்த நொடியே விழித்துவிடுவார். ஏறக்குறைய எல்லாருக்கும் முதல் அனுபவம் இப்படித்தான். பதறாமல் கனவில் இரு கைகளையும் தேய்த்துக்கொண்டு, தரையையும் சுவரையும் தொட்டுப் பார்த்தால் காட்சி நிலைக்கும் என்கிறார்கள் அனுபவசாலிகள். சிலர் விழித்ததாகவே கனவு கண்டு, பல் துலக்கி, சட்டை மாட்டி, பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டுப் பிறகு நிஜமாக விழிப்பார்கள். எரிச்சல்தான், ஆனால் அதுவும் ஒரு வாய்ப்பு. 'விழித்தேனா?' என்று ஒருமுறை சோதித்திருந்தால் அங்கேயே கதவு திறந்திருக்கும்.

இன்னொரு தடை பயம். மனம் விழித்து, உடல் மட்டும் தூக்கத்தின் பிடியில் அசையாமல் கிடக்கும் நிலை சிலருக்கு வரும். மார்பில் ஏதோ ஏறி உட்கார்ந்த பாரம், அறை மூலையில் யாரோ நிற்கும் உணர்வு. தமிழில் அமுக்குவான் பேய் என்போம், மலாய் நண்பர்களும் பேய் அமுக்கியதாகவே சொல்வார்கள். கனவில் ஓடுவதை நாம் கட்டிலில் ஓடாமல் இருக்க மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்ச்சி விலகுவதற்குள் அறிவு விழித்துக்கொண்டால் வருவதே இது. சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ தானே விலகிவிடும். திமிறாமல் மூச்சை மெதுவாக விட்டு, ஒரு விரலை மட்டும் அசைக்க முயன்றால் போதும். தூக்கம் குறைந்தவர்களுக்கு இது அதிகம் வரும் என்பதையும் ஷிப்ட் தொழிலாளர் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பறப்பதற்காக வருபவர்கள் பறந்து பார்த்துவிட்டுப் போகட்டும். விபத்தில் தப்பியவர் அதே விபத்தை இரவுதோறும் கண்டு அலறி எழுகிறார் என்றால், 'இது கனவு' என்று தெரிந்துகொள்வது அவருக்குச் சிறிய உதவி அன்று. கொடுங்கனவுச் சிகிச்சையில் இதைப் பயன்படுத்திப் பார்த்து வருகிறார்கள். கண்மூடிய தாயை ஒருமுறை பார்த்துப் பேச வேண்டும் என்று பழகுபவர்களும் இருக்கிறார்கள். கனவில் வருவது தாயா, தாயைப் பற்றிய நினைவா என்று அறிவியல் கேட்கும். அவர் வந்தால் கேட்கவேண்டிய கேள்விகளைப் பட்டியல் போட்டுக்கொண்டு காத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் காட்சி கலைந்துவிடுகிறது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, காலையில் நோட்டில் எழுதி வைக்கலாம். எழுத மட்டும் தாமதிக்கக்கூடாது. நேரம் போனால் மறந்துவிடும்.