கம்ப்யூட்டர் ஏன் நின்றது?

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



2024-ம் வருஷம் ஜூலை 19-ந் தேதி உலகெங்கும் உத்தேசம் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்று போயின. ஆகாய விமானங்கள் கிளம்பவில்லை. ஆஸ்பத்திரிகளில் வேலை தடைப்பட்டது. இம்மாதிரி சமயத்தில் “மிஷினுக்கு என்னவோ வந்துவிட்டது” என்று அணைத்துப் போடுகிறவர்களே நம்மில் அநேகர். நானும் அப்படிச் செய்தவன்தான். ஆனால் என்ன வந்தது என்பதை மிஷினே எழுதி வைக்கிறதென்றால், அதைப் படித்துப் பார்க்க வேண்டாமா?

கர்னல் என்பது மற்றப் புரோகிராம்களுக்கெல்லாம் இடம் பங்கிட்டுக் கொடுக்கும் மூலப் புரோகிராம். நினைவகத்தில் இன்னாருக்கு இன்ன இடமென்று, பெரும்பாலும் 4096 பைட் கொண்ட பக்கம் பக்கமாகப் பதிவு வைத்திருக்கிறது, ஊர்க் கர்ணம் அடங்கல் வைத்திருந்ததைப் போல. பதிவில் இல்லாத இடத்தை ஒரு புரோகிராம் தொட்டால் பிராசஸர் அந்த க்ஷணமே நிறுத்திக் கர்னலைக் கூப்பிடும். இண்டெல் வகையில், தொட்ட விலாசத்தை ‘சி.ஆர்.2’ என்ற ரிஜிஸ்டரில் குறித்து, படிக்கப் போனதா, எழுதப் போனதா என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

உடனே தண்டனை என்பதில்லை. பாத்தியமுள்ள இடந்தான், பக்கம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை என்றால், கர்னல் அதைக் கொண்டுவந்து வைத்து வேலையைத் தொடரச் சொல்லும். பாத்தியமில்லையானால் லினக்ஸில் 11-ம் நெம்பர் சிக்னல் போகிறது. பெரும்பாலும் அந்த ஒரு புரோகிராம் சாகும், மற்றவை பிழைக்கும்.

தப்புச் செய்தது கர்னலுக்குள்ளேயே இருந்தால்? அன்று நடந்தது அதுதான். கிரவுட்ஸ்டிரைக் கம்பெனியின் காவல் புரோகிராம் கர்னலுக்குள் குடியிருந்தது. 20 அயிட்டங்களே கொடுக்கப்பட்டிருக்க, அது 21-வதையும் படிக்க வரிசைக்கு அப்பால் கைநீட்டியது. கர்னலையே நம்ப முடியாத நிலையில் மேலே ஓடவிட்டால் டிஸ்கிலுள்ள கணக்குகளும் கெடலாம் என்றுதான் விண்டோஸ் நின்றுவிடுகிறது. நீலத்திரையைத் திட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். லினக்ஸோ ‘ஊப்ஸ்’ என்று ஓர் அறிக்கை எழுதி, கூடுமானால் சமாளித்து ஓடப் பார்க்கும். பாங்கிக் கணக்கிருக்கும் மிஷின் நின்று போவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் தப்பான கை, பதிவிலுள்ள பக்கத்துக்குள்ளேயே விழுந்துவிட்டால் பிராசஸர் வாய் திறக்காது. அதுதான் பயங்கரம். அதற்காகவே 2015-ல் லினக்ஸ் 4.0-ல் ‘கேசான்’ என்ற சோதனைக் கருவி சேர்க்கப்பட்டது. அது 8 பைட்டுக்கு 1 பைட் நிழற்கணக்கு வைத்து, இடத்தை வாங்கியது எங்கே, திருப்பிக் கொடுத்தது எங்கே, பிறகு தொட்டது எங்கே என்று மூன்றையும் காட்டிக் கொடுக்கும். வேகம் குறையும், நினைவகமும் செலவாகும். ஆகையால் பெரும்பாலும் சோதனையின் போதே ஓட்டுகிறார்கள்.

உங்கள் லினக்ஸ் மிஷினில் டி.எம்.இ.எஸ்.ஜி. என்று அடித்தால் கர்னலின் அறிக்கை வரும். (இது வேறு ஐந்தெழுத்து!) அதில் தொட்ட விலாசம் 0 அல்லது அதற்கு மிக அருகில் இருந்தால், பெரும்பாலும் எவரோ பாயிண்டரில் விலாசம் நிரப்பாமல் விட்டிருக்கிறார் என்று கொள்ளலாம்.