126 மில்லியன் டாலர் யாருடைய கணக்கு?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இன்று நான் பேசக் காரணம். பேச்சு காலின் கேப்பர்னிக் பக்கம் போனது. அமெரிக்கக் கால்பந்து வீரர். நாம் ஆடும் கால்பந்து இல்லை; ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம். கறுப்பின மக்கள் மீதான காவல்துறை வன்முறையைக் கண்டித்து, 2016இல் தேசிய கீதத்தின்போது முதலில் உட்கார்ந்தும் பிறகு மண்டியிட்டும் எதிர்ப்புத் தெரிவித்தவர். தம்பி கேட்டார்: "தோழர், அவருக்கு 126 மில்லியன் டாலர் கான்ட்ராக்ட். நம்ம பணத்துல ஆயிரம் கோடிக்கு மேல. அவ்வளவு வாங்குறவர் எப்படி ஒடுக்கப்பட்டவர் ஆவார்?"

அன்று நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. பணம் வேறு, இனம் வேறு என்று பொதுவாக ஏதோ சொல்லி நழுவிவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு அது உறுத்தியது. ஏனென்றால் இதே கேள்வி நம் வீட்டு வாசலிலும் கேட்கப்படுகிறது. "அவன்தான் அரசு வேலையில இருக்கான், கார் வச்சிருக்கான், அவனுக்கு என்ன சாதிக் கொடுமை?" என்று கேட்கிறார்களே, அதே கேள்வி. அதனால் இந்த 126 மில்லியனைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

கேப்பர்னிக் 2014இல் சான் பிரான்சிஸ்கோ அணியோடு ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டார். அதிகபட்ச மதிப்பு 126 மில்லியன். செய்தியில் வந்தது அந்த எண்தான். கையெழுத்திட்ட நாளில் எந்த நிபந்தனையும் இல்லாமல் உறுதியாகக் கிடைக்கும் என்றிருந்த தொகை சுமார் 13 மில்லியன் மட்டுமே. மீதிக்கெல்லாம் 'அந்த ஆண்டு அணியில் வைத்திருந்தால்', 'காயம்பட்டால்', 'இத்தனை ஆட்டம் ஆடினால்' என்று நிபந்தனைகள். அவர் ஆடியது மூன்று பருவங்கள். 2017 தொடக்கத்தில் அவரே ஒப்பந்தத்திலிருந்து விலகினார்; விலகாவிட்டாலும் நீக்கியிருப்போம் என்று அணி நிர்வாகம் சொன்னது. கையில் வந்தது அறிவித்த தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு 32 அணிகளில் ஒன்றுகூட அவரை எடுக்கவில்லை. உரிமையாளர்கள் கூட்டாகச் சேர்ந்து ஒதுக்கிவிட்டார்கள் என்று அவர் புகார் கொடுத்தார். 2019 பிப்ரவரியில் லீக் அவரோடு சமரசம் செய்துகொண்டது.

மூன்றில் ஒரு பங்கு என்றாலும் பெரிய பணம்தான். அதை மறுக்க நான் வரவில்லை. அந்த ஒப்பந்தம் யாரைக் கட்டுகிறது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். என்.எஃப்.எல். ஒப்பந்தத்தில் ஆறு ஆண்டு என்று எழுதியிருந்தால் வீரர் ஆறு ஆண்டுக்குக் கட்டுப்பட்டவர். அணி அப்படிக் கட்டுப்பட்டதல்ல. உத்தரவாதம் இல்லாத சம்பளத்தை, வீரரை நீக்கி, அணி எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். அமெரிக்காவிலேயே கூடைப்பந்திலும் பேஸ்பாலிலும் ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் முழு உத்தரவாதத்தோடு வரும். உடம்பு சீக்கிரம் நொறுங்குகிற ஆட்டத்தில்தான் உத்தரவாதம் குறைவு. சங்கத்தின் கணக்குப்படி ஒரு வீரரின் ஆட்டக்காலம் சராசரியாக மூன்று ஆண்டுகளைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். எந்த அணியோடும் பேசலாம் என்கிற முழுச் சுதந்திரம் கிடைக்க நான்கு பருவங்கள் முடிந்திருக்க வேண்டும். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பலருக்கு அந்தச் சுதந்திரம் வரும் முன்பே வேலை முடிந்துவிடுகிறது.

இந்தச் சுதந்திரத்துக்குப் பெயர் 'ஃப்ரீ ஏஜென்சி'. இதை யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

முன்பு ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரர் நினைத்த அணிக்குப் போக முடியாது. அவரை எடுக்கும் அணி பழைய அணிக்கு ஈடு கொடுக்க வேண்டும். எவ்வளவு ஈடு என்பதை லீக்கின் ஆணையர் பீட் ரோசெல் தீர்மானிப்பார். அந்தப் பயத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். இதை எதிர்த்து வழக்குப் போட்டவர் ஜான் மெக்கி. பால்டிமோர் அணியின் கறுப்பின வீரர். 1970இல் வீரர்கள் சங்கத் தலைவரானவர். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே பேஸ்பாலில் கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர், தன்னைக் கேட்காமல் வேறு அணிக்கு மாற்றியதை ஏற்க மறுத்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972இல் தோற்றார். அவர் நல்ல சம்பளம் வாங்கியவர். உங்களுக்கு என்ன குறை என்று அவரிடமும் கேட்டார்கள். சம்பளம் அதிகம் என்பதால் அடிமை அடிமை இல்லாமல் ஆகிவிட மாட்டான் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். தம்பி கேட்ட கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார்.

மெக்கி வழக்கில் வென்றாலும், அடுத்து வந்த கூட்டு ஒப்பந்தத்தில் அந்த வெற்றியின் பெரும்பகுதி கைநழுவியது. 1982இல் வேலைநிறுத்தம், 57 நாள். 1987இல் மறுபடி வேலைநிறுத்தம். உரிமையாளர்கள் மாற்று ஆட்களை இறக்கி ஆட்டத்தை நடத்திக் காட்டினார்கள், போராட்டம் உடைந்தது. பிறகு மறுபடி நீதிமன்றம். 1992இல் ஃப்ரீமேன் மெக்நீல் வழக்கில் நடுவர் குழு வீரர்கள் பக்கம் நின்றது. 1993இல்தான் இன்றைய வடிவில் ஃப்ரீ ஏஜென்சி வந்தது. ரெஜி ஒயிட் அந்த ஆண்டு கிரீன் பே அணிக்குப் போய் நான்கு ஆண்டுக்கு 17 மில்லியன் பெற்றார்.

ஆனால் உரிமையாளர்கள் கொடுத்த கையோடு இரண்டு பூட்டும் போட்டார்கள். ஒன்று, 1994 முதல் அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு. அந்த ஆண்டு 34.6 மில்லியன்; 2025இல் 279.2 மில்லியன். எட்டு மடங்கு உயர்ந்திருக்கிறது. வருமானம் அதைவிடப் பெரியது: 2021இல் ஒளிபரப்பு நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தங்களின் மதிப்பு பதினொரு ஆண்டுகளுக்கு 100 பில்லியனைத் தாண்டியது. இரண்டு, 'ஃபிரான்சைஸ் டேக்'. ஒப்பந்தம் முடிந்த வீரர்களில் ஒருவரை, அவர் இடத்தில் ஆடுபவர்களின் உச்சச் சம்பளச் சராசரியைக் கொடுத்து, அணி இன்னோர் ஆண்டுக்குப் பிடித்து வைக்கலாம். சம்பளம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் ஆண்டுக்கு மட்டும். அந்த ஆண்டில் முழங்கால் போனால் அதோடு சரி. பிட்ஸ்பர்க் அணியின் லெவியான் பெல் 2018இல் சுமார் 14.5 மில்லியனை வேண்டாம் என்று சொல்லி அந்தப் பருவம் முழுக்க ஆடாமல் இருந்தார். பேராசைக்காரர் என்று பலர் திட்டினார்கள். தன் உடம்பில் இன்னும் எத்தனை ஓட்டம் மிச்சம் என்று கணக்குப் பார்த்த தொழிலாளியாக அவரைப் பார்த்தவர்கள் குறைவு.

2022இல் கிளீவ்லாந்து அணி டெஷான் வாட்சனுக்கு ஐந்து ஆண்டுக்கு 230 மில்லியன், முழுவதும் உத்தரவாதத்தோடு கொடுத்தது. அப்போது அவர் மீது இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் பாலியல் அத்துமீறல் வழக்குத் தொடுத்திருந்தார்கள். கிரிமினல் குற்றச்சாட்டு பதிவாகவில்லை. லீக் அவரை 11 ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்தது. பெண்களின் புகார் உரிமையாளர்களுக்கு எவ்வளவு உறுத்தியது என்று எனக்குத் தெரியாது. முழு உத்தரவாதம் உறுத்தியது என்பதற்குப் பதிவு இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் கூட்டத்தில், உத்தரவாதத்தைக் குறையுங்கள் என்று லீக் நிர்வாகம் அணிகளை ஊக்குவித்ததாக நடுவர் ஒருவர் பின்னாளில் கண்டறிந்தார். அணிகள் கூட்டுச் சதி செய்தன என்று சொல்லச் சான்று போதாது என்றும் அதே தீர்ப்பில் சொன்னார். 2025இல் அந்தத் தீர்ப்பு வெளியே வந்தது. நடுவில், 2023இல், லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை ஏற்கெனவே வாங்கியிருந்த லமார் ஜாக்சனோடு பேச எல்லா அணிகளுக்கும் வாய்ப்பு இருந்தும் ஒன்றுகூட ஒப்பந்தம் நீட்டவில்லை. கடைசியில் சொந்த அணியிடமே 260 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். உத்தரவாதம் 185 மில்லியன்.

இப்போது இனம் எங்கே வருகிறது என்று பார்ப்போம். 1934 முதல் 1945 வரை இந்த லீக்கில் ஒரு கறுப்பினர்கூட ஆடவில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் இல்லை. நம் ஊரில் எத்தனையோ தடைகள் எழுதப்படாமலே இருப்பதைப் போல. 1946இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அணி கென்னி வாஷிங்டனையும் வூடி ஸ்ட்ரோடையும் எடுத்தது. அந்த அணி ஆட விரும்பிய மைதானம் பொதுச் சொத்து. பொதுப்பணத்தில் நிற்கும் மைதானத்தில் எங்களுக்குத் தடையா என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மல்லுக்கு நின்றார்கள். மகத் குளத்தை அறிந்த நமக்கு இந்த வாதம் புதிதில்லை. இன்று வீரர்களில் பாதிக்கு மேல் கறுப்பினர். அணிகளின் பெரும்பான்மை உரிமையாளர்களில் ஒருவர்கூடக் கறுப்பினர் இல்லை.

இதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. தலையில் அடிபட்டு அடிபட்டு மூளை சிதைந்த முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில், லீக் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. மறதிநோய் வந்திருக்கிறது என்று சோதனையில் நிரூபிக்க வேண்டும். அந்தச் சோதனையில் 'இன அளவீடு' என்று ஒரு முறை இருந்தது. கறுப்பினருடைய அறிவாற்றல் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு மதிப்பெண்ணைச் சரிசெய்வது. ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேரில் வெள்ளையருக்கு நோய், கறுப்பினருக்கு அது இயல்பு. அதனால் இழப்பீடு இல்லை. கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரு முன்னாள் வீரர்கள் 2020இல் நீதிமன்றம் போனார்கள். 2021இல்தான் இதைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. 1921இல் இல்லை தோழர்களே, 2021இல்.

ஜான் மெக்கியும் மறதிநோயில்தான் விழுந்தார், 2011இல் இறந்தார். மறதிநோய் வந்த முன்னாள் வீரர்களுக்கான உதவித் திட்டத்துக்கு அவருடைய சட்டை எண்ணான 88தான் பெயர். இன்று வீரர்கள் அணி மாறும் உரிமைக்கு வழிவெட்டியவர் அவர்.

தம்பிக்கு என் பதில் இதுதான். சம்பளம் ஒருவரின் வறுமையைப் போக்கும். அவரைப் பற்றி மேலே இருப்பவர்கள் வைத்திருக்கும் மதிப்பீட்டை அது மாற்றுவதில்லை. கோடி கோடியாகக் கொடுத்த அதே லீக்தான், அவர் நோயாளியாகத் திரும்பி வந்து நின்றபோது, உன் மூளையே அவ்வளவுதான் என்றது. வாயை மூடி ஆடும்வரை 126 மில்லியன். மண்டியிட்டால் ஓர் அணிகூட இல்லை.

அதற்காக அமெரிக்கக் கோடீஸ்வர வீரரும் நம் ஊரில் மலக்குழிக்குள் இறக்கப்படும் தொழிலாளியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். அந்த வீரர்களுக்குள்ளேயே படிநிலை உண்டு. 2020இல் 17 ஆட்டப் பருவத்துக்கு வழிவிட்ட புதிய கூட்டு ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் உயரும் என்பதால் கீழ்நிலை வீரர்கள் பலருக்கு அது தேவையாக இருந்தது. நட்சத்திரங்கள் சிலர் கூடுதல் ஆட்டம் உடம்பைத் தின்னும் என்று வெளிப்படையாக எதிர்த்தார்கள். 1,019க்கு 959 என்று நிறைவேறியது. ஒவ்வொருவருக்கும் கீழே இன்னொருவரை வைத்துவிட்டால் அவர்கள் சேர மாட்டார்கள் என்பதை அண்ணல் அம்பேத்கர் நமக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறார். உரிமையாளர்கள் அம்பேத்கரைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்யும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கறுப்பினப் போராட்டத்தை நம் முன்னோர்கள் தூரத்து விஷயமாகப் பார்க்கவில்லை. ஜோதிராவ் பூலே 1873இல் தன் நூலை அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த வரிசையில் நின்று நாமும் பார்க்கலாம்.

அடுத்த முறை "அவனுக்கென்ன, நல்லா சம்பாதிக்கிறான்" என்று யாராவது உங்களிடம் சொன்னால், சம்பளச் சீட்டைப் பற்றிச் சண்டை போடாதீர்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். அவர் வாய் திறந்தால் அந்த வேலை நிலைக்குமா? அவர் விழுந்தால் அவருடைய வலியை மற்றவர் வலிக்குச் சமமாக எண்ணுவார்களா? இரண்டுக்கும் ஆம் என்ற பதில் வரும்வரை, கான்ட்ராக்டில் எத்தனை சைபர் இருந்தாலும் கணக்கு முடியவில்லை என்று அர்த்தம்.