ஏன் என்று கேட்ட பிறகு



மலேசியாவின் ரந்தாவ் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசினால், பெரட்டுக் கதை ஒன்றாவது வந்துவிடும். பெரட்டு என்பது விடியுமுன் பெயர் கூப்பிடுவது; அப்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போச்சு. பிள்ளைக்குக் காய்ச்சலா, ராத்திரி முழுக்கக் கண் விழித்தாயா என்றெல்லாம் கங்காணி கேட்கமாட்டார். கத்தி சற்று ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டாலும் அதே கதிதான். அதற்கும் முன்னால், 1910இல் ஒழிக்கப்பட்ட ஒப்பந்தக் கூலி முறையில், தோட்டத்தை விட்டு ஓடியவரைச் சிறையிலேயே போட்டார்கள்.

தவறு செய்தவர் தண்டனை அடைய வேண்டும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பிள்ளையைக் கொலைக்குப் பறிகொடுத்த தாயிடம் போய், ‘மன்னித்துவிடம்மா’ என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் செய்த தவறு எவ்வளவு, செய்தவர் யார் என்று பாராமல் கொடுப்பதை நியாயம் என்று எப்படி ஏற்பது?

தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் வெள்ளைக்காரர்கள் தூக்கிலிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது வழக்கு. யாரையும் கொன்றார் என்பதல்ல. இந்திய அரசு கேட்டுப் பார்த்தும் பலனில்லை.

வெள்ளைக்காரன் போன பிறகும் அந்தப் போக்கு போய்விடவில்லை. மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு 1983இல் மரண தண்டனை கட்டாயமானது. கடத்தல் முதலாளியா, பொட்டலம் சுமந்த பையனா என்று பிரித்துப் பார்க்க நீதிபதிக்கு வழியில்லாமல் போனது. சிங்கப்பூரிலும் இதே கதைதான். அங்கே 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்ட நாகேந்திரன் தர்மலிங்கம் நம் ஈப்போக்காரர். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவச் சோதனை சொன்னது. தண்டனையைக் குறைக்க அது போதாது என்றன நீதிமன்றங்கள். அந்தச் செய்தியை இன்னமும் என்னால் ஆற அமர வாசிக்க முடியவில்லை.

மலேசியாவில் 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. தூக்கு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீதிபதி முடிவு செய்யலாம். முன்பே தண்டனை பெற்றவர்களும் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கேட்க வழி பிறந்தது. எத்தனையோ குடும்பங்கள் மூச்சு விட்டன.

ஆனால் கொலைக் குற்றத்துக்குத் தூக்கு இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டு சிறை, கூடவே குறைந்தது 12 பிரம்படி. முப்பது ஆண்டு உள்ளே கிடக்கப் போகிறவரின் சதையைக் கிழிப்பதால், இறந்தவர் வீட்டாருக்கு என்ன கிடைக்கிறது? அந்தப் பிரம்பையும் நாடாளுமன்றம் எடுத்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை.