அந்த பைத்தான் உங்களுடையது இல்லை

மதுரையிலிருந்து பேசுறேன். போன வாரம் ஒரு ஜூனியர் தம்பி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். "அண்ணே, புது உபுண்டு போட்டேன். பிப் இன்ஸ்டால் அடிச்சா எரர் அடிக்குது." பார்த்தா, 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்'. அந்த மெசேஜ்லயே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'னு ஒரு ஆப்ஷனும் இருக்கும். "அதைப் போட்டுறவாண்ணே?"ன்னு கேட்டான். "கீபோர்டுல இருந்து கையை எடு தம்பி"ன்னேன். ஏன்னு புரிய, என் கதையைக் கேக்கணும்.

2019. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். திருநகர்ல ரூம். தமிழ் வார்த்தைகளை எழுத்து எழுத்தாப் பிரிக்கிற வேலை. சும்மா பைத்தான்ல 'மதுரை'க்கு நீளம் கேட்டா 5னு சொல்லும். துணைக்குறிகளையும் தனித்தனியா எண்ணிடும். நமக்கு அது மூணு எழுத்து. அதைச் சரியாப் பிரிக்க 'ஓப்பன் தமிழ்'னு ஒரு திறமூல லைப்ரரி இருக்கு. அதுவரைக்கும் பிரச்சினை இல்ல.

டீம்மேட் எழுதின கோடுல டேட்டாகிளாஸ் இருந்துச்சு. அது பைத்தான் 3.7லதான் வந்துச்சு. என்னோட உபுண்டு 18.04ல இருந்தது 3.6. சரின்னு 3.7ஐ இன்ஸ்டால் பண்ணேன். அதோட நிறுத்தியிருக்கணும். 'பைத்தான்3'ன்னு யார் கூப்பிட்டாலும் 3.7தான் வரணும்னு சிஸ்டம் முழுக்க மாத்திவிட்டேன்.

டெர்மினலை மூடிட்டுத் திறந்தா, திறக்கவே இல்ல. சாஃப்ட்வேர் அப்டேட்டரும் வரல. மணி ராத்திரி 1. காலையில 9 மணிக்கு ரிவ்யூ.

நடந்தது இதுதான். அந்த உபுண்டுல டெர்மினலைத் திறக்கிறதே ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட். அதுக்கு வேண்டிய லைப்ரரி 3.6க்காக கம்பைல் பண்ணது. நான் அடியில இருந்த பைத்தானை உருவிட்டேன். கடைசியில ரூம்மேட்தான் காப்பாத்தினான். "மாப்ள, கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அடி"ன்னான். கறுப்பு ஸ்கிரீன் வந்துச்சு. அதுல லாகின் பண்ணி பழையபடி 3.6க்கே மாத்தி விடுறதுக்குள்ள மணி மூணு. ரிவ்யூல தூங்கி வழிஞ்சேன்.

அப்போ எல்லாரும் ஒரே லைப்ரரியைப் பகிர்ந்துக்கிறது தப்பா? இல்லவே இல்ல. ஹாஸ்டல் மெஸ் மாதிரி நினைச்சுக்கோங்க. ஒரே சாம்பார், எல்லாருக்கும். 2014 ஏப்ரல்ல ஓப்பன்எஸ்எஸ்எல்ல 'ஹார்ட்பிளீட்'னு ஒரு பெரிய ஓட்டை வெளிய வந்துச்சு. அந்த லைப்ரரியைப் பகிர்ந்து பயன்படுத்துற சர்வர்ல ஒரே இடத்துல அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணா, அதை நம்பி இருக்கிற எல்லா ப்ரோக்ராமுக்கும் வைத்தியம் ஆயிரும். ஆனா மெஸ் சாம்பார்ல உங்க ருசிக்கு நீங்க காரம் கொட்ட முடியாதுல்ல? அண்டாவுக்குப் பொறுப்பு சமையல் மாஸ்டர். இங்க மாஸ்டர், ஏபிடி.

உங்களுக்கு வேணும்கிறதைத் தனி டிபன் பாக்ஸ்ல எடுத்துக்கோங்க. அதுதான் வீ-என்வ். பைத்தான் 3.3ல, அதாவது 2012லயே வந்துருச்சு. ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ள போய், 'பைத்தான்3 மைனஸ் எம் வீ-என்வ்' போட்டு, ஃபோல்டருக்கு ஒரு பேர் குடுங்க. ஆக்டிவேட் பண்ணுங்க. அப்புறம் பிப்ல என்ன வேணா போடுங்க, சிஸ்டத்துக்கு அது தெரியவே தெரியாது. வேற பைத்தான் வெர்ஷன் வேணும்னா, அதைப் பக்கத்துல இன்ஸ்டால் பண்ணி, அதோட பேரைச் சொல்லியே வீ-என்வ் உருவாக்குங்க. சொதப்பினா ஃபோல்டரை டிலீட் பண்ணிட்டுப் புதுசா ஆரம்பிங்க. அம்புட்டுத்தான்.

ஆனா இதுக்கும் ஒரு விலை இருக்கு. பத்து ப்ராஜெக்ட்னா பத்து டிபன் பாக்ஸ். ஒரு லைப்ரரியில ஓட்டைன்னா, பத்தையும் நீங்கதான் திறந்து பார்க்கணும். அதனால எது எந்த வெர்ஷன்னு 'ரிக்வயர்மென்ட்ஸ்' ஃபைல்ல எழுதி, கிட்ல போட்டு வைங்க. வீ-என்வ் ஃபோல்டரைப் போடாதீங்க, அந்த ஃபைல் மட்டும் போதும்.

தம்பிக்கு வந்த அந்த எரர், பெப் 668ங்கிற விதிப்படி வர்றது. 2023ல டெபியன் 12, உபுண்டு 23.04ல இருந்து இருக்கு. சிஸ்டம் பைத்தான்ல கையை வைக்கிறதுக்கு முன்னாடியே தடுத்து நிறுத்துது. அன்னைக்கு ராத்திரி என் மெஷின்ல அப்படி ஒண்ணு குறுக்க வந்து "நில்லுடா"ன்னு சொல்லியிருந்தா, நான் ஒழுங்காத் தூங்கியிருப்பேன்.

தம்பி இப்போ வீ-என்வ் போட்டுட்டான். நீங்களும் உங்க மெஷினை ஒருதடவை பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!