தோண்டுவதற்கு முன் தண்ணீரை அளப்போம்

(கொழும்பில் தொழில் புரியும் தோட்டக் குடும்பத்து இளைஞர்கள் கொட்டாஞ்சேனையில் கூடிய ஒன்றுகூடலில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி பற்றி நாம் பேசாத கூட்டம் இல்லை. இன்று தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாம் வேலை செய்யும் கடைகளில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கொழும்பின் குழாய் நீரில் பெரும்பகுதி களனி கங்கையில் இருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது. அந்தக் களனி எங்கிருந்து வருகிறது? கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்ததே களனி. பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும் நம் லயங்களுக்கு அருகே ஓடுகிற தண்ணீர்தான் இங்கே வந்து சேர்கிறது. இங்கே அதைச் சுத்திகரிக்க இயந்திரம் உண்டு. மேலே நம் அம்மாமார் பீலியில் பிடித்து அப்படியே பாவிக்கிறார்கள்.

பொகவந்தலாவைப் பக்கத்தில் ஓயாக் கரைகளை மாணிக்கக்கல்லுக்காகத் தோண்டுவது பல வருடங்களாகச் செய்தியாகி வருகிறது. குழி வெட்டி, இல்லத்தை அள்ளி, ஆற்று நீரிலேயே அலசினால் சேறு முழுவதும் கீழே போகிறது. கரை இடிகிறது. மூடாத குழியில் நுளம்பு பெருகுகிறது. மலையில் கல் உடைத்தாலும் தூளும் மண்ணும் மழையோடு ஊற்றுக்குத்தான் வருகின்றன.

கேடு வந்த பிறகு முறையிடப் போனால் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இந்தத் தண்ணீர் முன்பு எப்படி இருந்தது?" "நல்லாத்தான் இருந்தது ஐயா" என்று நாம் சொல்வோம். "எப்போதும் கலங்கல்தான்" என்று தோண்டியவர் சொல்வார். எழுத்தில் இல்லாவிட்டால் நம் சொல் நிற்காது. 2014 டிசம்பரில் உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் நீர் பாய்ந்தபோது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. அப்படிப்பட்ட நேரத்தில் ஒவ்வொரு கிணற்றின் பழைய அளவும் எழுத்தில் இருந்தால் அதுவே பெரிய சாட்சி.

முன்கூட்டியே ஆராய வேண்டும் என்று நம் நாட்டின் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் 1971இல் பொஸ்பேட் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு வெளிநாட்டுக் கம்பனி ஒன்று 30 வருடங்களுக்கு அதைத் தோண்ட ஒப்பந்தம் தயாரானது. தாதுசேன மன்னன் கலாவெவவில் இருந்து அநுராதபுரத்துக்குக் கொண்டுபோன 54 மைல் நீளமான ஜய கங்கை அந்த வழியாகத்தான் ஓடுகிறது. அதன் முதல் 17 மைலில் சரிவு மைலுக்கு ஆறு அங்குலம் அளவுதான். அப்படிப்பட்ட வாய்க்காலை நடுவில் வெட்டினால் மறுபடி ஓட வைப்பது இலேசா? அப்பகுதி மக்கள் ஏழு பேர் வழக்குப் போட்டார்கள். 2000ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் திகதி தீர்ப்பு வந்தது. படிவின் இடம், அளவு, தரம் ஆகியவற்றை முழுமையாக ஆராய்ந்து, முடிவை மக்களுக்கு வெளியிட்ட பிறகே எந்த ஒப்பந்தமும் என்றது நீதிமன்றம். சாதாரண விவசாயிகள் நின்றதால் கிடைத்த தீர்ப்பு அது.

சட்டத்திலும் நமக்கு இடம் இருக்கிறது. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும். அறிக்கை தயாரானதும் தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் வர வேண்டும். கருத்துச் சொல்ல நமக்கு 30 நாட்கள் உண்டு. அந்த அறிக்கையில் தண்ணீர்ப் பகுதியைத் தேடிப் படியுங்கள். ஒரே நாளில் ஒரு போத்தல் நீர் எடுத்துப் பரிசோதித்திருந்தால் அது போதாது. மே மாதத்துத் தென்மேல் பருவமழை, டிசம்பர் மாதத்து வடகீழ் மழை, இடையில் வரும் வறட்சி எல்லாம் அடங்க ஒரு வருடமாவது அளந்திருக்க வேண்டும். தோண்டும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் அளந்திருக்க வேண்டும். மேலே தெளிவு, கீழே கலங்கல் என்றால் காரணம் நடுவில்தான். நாம் குடிக்கும் பீலி அந்த வரைபடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சிறிய குழிகளுக்கு அந்த அறிக்கை கேட்கப்படாமல் போகலாம். அதற்காக நாம் சும்மா இருக்க முடியாது. ஒரு வாளி, ஒரு கைபேசி, ஒரு கொப்பி போதும். வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று மாதம் இரு தடவை எழுதுங்கள். வெள்ளைப் போத்தலில் நீர் பிடித்து ஒரு இரவு வைத்து, அடியில் படியும் மண்ணை அளந்து, திகதியோடு படம் எடுங்கள். அன்று மழையா வெயிலா என்றும் குறியுங்கள். தோட்டத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் கையொப்பம் இடட்டும். கிருமியும் உலோகமும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கு ஆய்வுகூடப் பரிசோதனை வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேளுங்கள். அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, என்ன நிபந்தனை என்பதை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கடிதம் எழுத நாங்கள் உதவுவோம்.

தோண்டுகிற இடத்தில் கூலிக்குப் போகிறவர்களும் நம் பிள்ளைகள்தான் என்பது நமக்குத் தெரியும். தோட்டத்தில் வேலை நாள் குறைந்தால் குழிக்குப் போகிறார்கள். அவர்களைக் காட்டிக் கொடுக்க நாம் கேட்கவில்லை. இலாபம் எடுப்பவர் யாரோ, அவர் பதில் சொல்லட்டும் என்கிறோம்.

பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது ஆளுக்கொரு கொப்பி வாங்கிக்கொண்டு போங்கள். முதல் பக்கத்தை நீங்களே எழுதிவிட்டு வாருங்கள். ஒரு வருடத்தில் அந்தக் கொப்பிகள் சங்கத்தின் கையில் இருந்தால், நாளை எந்த மேசையிலும் நாம் வெறுங்கையோடு உட்கார வேண்டியதில்லை.